ஏக்கருக்கு ஒரு ஓட்டு

நவம்பர் பிறந்ததும் எங்கள் தெரு வாட்ஸாப் குழுவில் தீபாவளிப் படங்கள் ஓய்வதற்குள் சொத்துவரிப் பில்லின் படங்கள் வந்து விழ ஆரம்பித்துவிடும். முதல் தவணைக்கு நவம்பர் 1 கெடு, டிசம்பர் 10 தாண்டினால் 10 சதவீத அபராதம். அந்த இடைவெளி முழுக்க ஒரே புலம்பல். "வீட்டு விலையில் ஒரு சதவீதம்தான்னு சொன்னாங்க, அதுக்குக் கீழே இவ்வளவு பெரிய பட்டியல் எங்கிருந்து வந்தது?" ஒரு வருடம், புதிதாகக் குடிவந்த ஒருவர் கொஞ்சம் கூர்மையாகக் கேட்டார்: "இதுக்கெல்லாம் இங்க யாருமே ஓட்டுப் போடலையே, அப்புறம் எப்படி வந்தது?" பழைய குடியிருப்புக்காரர் ஒருவர் உடனே பதில் போட்டார்: "வீடு வாங்கும்போது கையெழுத்துப் போட்டீங்களே, அதுதான்." அந்தப் பதிலுக்கு ஐந்தாறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். பேச்சு அதோடு நின்றது.

எனக்கு நிற்கவில்லை. கேட்டவரும் சரி, பதில் சொன்னவரும் சரி, இரண்டு பேருமே பாதியைத்தான் சொல்கிறார்கள் என்று பட்டது. கலிபோர்னியாவில் ஒரு வரியை ஓட்டுப் போடாமல் கொண்டுவருவது அவ்வளவு சுலபமில்லை. அப்படியானால் யாரோ ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். அது யார்?

நான் இருப்பது மவுன்டன் ஹவுஸ். தெரியாதவர்களுக்கு: சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவிலிருந்து ஆல்டமான்ட் கணவாயைத் தாண்டி இறங்கினால், அலமீடா கவுன்ட்டி முடிந்து சான் வாகீன் கவுன்ட்டி தொடங்கும் கோட்டை ஒட்டியே இருக்கும் ஊர். 1994-இல் கவுன்ட்டி அதன் மாஸ்டர் பிளானுக்கு ஒப்புதல் கொடுத்தபோது அங்கே இருந்தவை வயல்கள். முதல் வீடுகளில் ஆட்கள் குடியேறியது 2003-இல். 2010 கணக்கெடுப்பில் பத்தாயிரத்துக்கும் குறைவு, 2020-இல் 24 ஆயிரத்துக்கு மேல். அதில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்பதைப் பூங்காவில் ஒரு மாலை உட்கார்ந்தாலே தெரிந்துகொள்ளலாம். தெலுங்குக்கு அடுத்தபடியாகத் தமிழ்தான் காதில் விழும். சன்னிவேலில் ஒரு சின்ன அடுக்ககம் வாங்கும் காசுக்கு இங்கே நாலு படுக்கையறை வீடு. விலையைக் காலையிலும் மாலையிலும் 580 நெடுஞ்சாலையில் தவணையாகக் கட்டிக்கொள்ளலாம்.

இந்த ஊருக்கு முதல் இருபது வருடம் நகராட்சி கிடையாது. மேயர் இல்லை, நகர்மன்றம் இல்லை. அப்பா முதல் தடவை வந்திருந்தபோது கேட்டார், "அப்போ இந்த ஜில்லாவுக்குக் கலெக்டர் யாரு? அவர்கிட்ட மனு கொடுக்க வேண்டியதுதானே?" கவுன்ட்டியை ஜில்லா என்று அவர் புரிந்துகொண்டதில் பெரிய தப்பில்லை. ஆனால் மேலிருந்து ஒருவரை அனுப்பி ஆளச் சொல்லும் ஏற்பாடு இங்கே இல்லை. ஐந்து சூப்பர்வைசர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களுக்குப் பக்கத்திலேயே, அவர்களுக்குக் கட்டுப்படாமல், ஷெரிஃப், அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் எல்லாம் தனித்தனியாக மக்கள் ஓட்டில் வந்தவர்கள். "கலெக்டர்" என்ற பெயரோடும் ஒருவர் உண்டு, டாக்ஸ் கலெக்டர். அவரும் தேர்தலில் நின்று வருகிறவர்தான், அவரிடம் மனு கொடுத்தால் ரசீதுதான் கிடைக்கும் என்றேன். அப்பாவுக்கு இந்த ஏற்பாடு கடைசிவரை பிடிக்கவில்லை. "அஞ்சு பேருன்னா யாரைத் திட்டுறது?" என்றார். நியாயமான கேள்வி.

எங்களுக்கென்று உள்ளூரில் இருந்தது 1996-இல் அமைத்த ஒரு சமூக சேவை மாவட்டம். பூங்காவுக்குத் தண்ணீர் விடுவது, குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, நூலகக் கட்டடம் எல்லாம் அது பார்க்கும். அதற்கும் ஒரு குழு, அதற்கும் தேர்தல். ஆனால் ஊர்மூலையில் காலியாகக் கிடக்கும் மனையில் பெட்ரோல் பங்க் வருமா, பள்ளிக்கூடம் வருமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அன்று நிலப் பயன்பாடு கவுன்ட்டியுடையது; அந்த ஐந்து பேர் கவுன்ட்டித் தலைநகரான ஸ்டாக்டனில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஐந்தில் ஒருவர்தான் எங்கள் பகுதிக்காரர். மற்ற நால்வருக்கு எங்கள் ஓட்டுத் தேவையே இல்லை. உள்ளூர்க் கூட்டத்தில் போய் மூச்சுவிடாமல் பேசிவிட்டு, "நீங்கள் சொல்வது புரிகிறது, ஆனால் அது எங்கள் கையில் இல்லை" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அந்தப் பதில் உண்மையானது என்பதுதான் அதிலுள்ள எரிச்சல்.

அந்த ஒரு சதவீதம்

பில்லுக்கு வருகிறேன். மேலே இருக்கும் ஒரு சதவீதத்தின் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். 1978 ஜூன் மாதம் கலிபோர்னியா வாக்காளர்களில் ஏறத்தாழ 65 சதவீதம் பேர் ப்ரொபோசிஷன் 13 என்ற மக்கள் வாக்கெடுப்புச் சட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள். சொத்துவரி மதிப்பில் ஒரு சதவீதத்தைத் தாண்டக்கூடாது, மதிப்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, வீடு கைமாறினால்தான் சந்தை விலைக்குப் புதுக் கணக்கு. 1980-களில் ஃப்ரீமான்ட்டில் வீடு வாங்கிய ஒரு தமிழ்க் குடும்பத்தை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டின் இன்றைய விலை எங்கள் வீட்டைப்போல் இரு மடங்குக்கு மேல். வரி எங்களுடையதைவிடக் குறைவு. அந்த மாமா இதை மறைப்பதும் இல்லை, பெருமையடிப்பதும் இல்லை. "நான் சட்டம் போடலைடா தம்பி, வீடுதான் வாங்கினேன்" என்பார். 1992-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே இந்த வேறுபாடு அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று சொல்லிவிட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடு இல்லை, ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

அதிகம் பேசப்படாதது அடுத்த வருடம் நடந்தது. ஒரு சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தாகிவிட்டது. அந்த ஒற்றை சதவீதத்தை கவுன்ட்டி, நகரம், பள்ளி, தீயணைப்பு என்று எல்லோரும் எப்படிப் பிரித்துக்கொள்வது? 1979-இல் மாநிலம் ஏபி 8 என்று ஒரு சட்டம் போட்டது. அன்றைய தேதியில், அதாவது 1970-களில், யார் எவ்வளவு வசூலித்துக்கொண்டிருந்தார்களோ அந்த விகிதத்தையே அடிப்படையாக வைத்துக்கொள் என்றது. இன்றுவரை அதுதான் வாய்ப்பாடு, நடுநடுவே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் அவ்வளவுதான். அன்று சிக்கனமாக நடந்துகொண்ட ஊர் இன்றும் குறைந்த பங்கு வாங்குகிறது, அன்று தாராளமாக வரி போட்ட ஊர் இன்றும் கூடுதல் பங்கு வாங்குகிறது. 1970-களில் இல்லவே இல்லாத ஊருக்கு? கவுன்ட்டியோடு பேரம் பேசித்தான் ஏதாவது பெறவேண்டும். பில்லில் வரி விகிதப் பகுதி என்று ஒரு எண் இருக்கும், யாரும் பார்க்காத எண். ஒருவருடைய பணம் எந்தெந்தப் பைக்குள் எந்த விகிதத்தில் போகிறது என்பது அந்த எண்ணில் இருக்கிறது. நான் பள்ளியில் படித்த காலத்துக்கும் முந்தைய ஒரு வரவு செலவுக் கணக்கு என் பணத்தைப் பிரித்துக்கொடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆக, அந்த ஒரு சதவீதத்தை வைத்து ஒரு புது ஊரில் சாலை போடவும் முடியாது, பள்ளிக்கூடம் கட்டவும் முடியாது. அதனால்தான் கீழே அந்தப் பட்டியல்.

கையெழுத்து மேசையில்

நண்பர் ஒருவர் எங்கள் ஊரிலேயே புதுப் பகுதியில் வீடு வாங்க முடிவு செய்து, பில்டரின் அலுவலகத்தில் காகிதங்களைப் பார்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார். எந்த பில்டர் என்பது வேண்டாம். எல்லா இடத்திலும் அதே கதைதான். காபி கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், கிச்சனில் எந்தக் கல் போடலாம் என்று அரை மணி நேரம் பேசினார்கள். வரியைப் பற்றி விற்பனைப் பெண் சொன்னது ஒரே வாக்கியம்: "அடிப்படை வரி ஒரு சதவீதம், அதற்கு மேல் கொஞ்சம் மெல்லோ-ரூஸ் இருக்கும், இங்கே எல்லாருக்கும் உண்டு." அப்புறம் ஒரு கட்டுக் காகிதத்தை நகர்த்தி, மஞ்சள் ஒட்டுத்தாள் இருக்கும் இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடச் சொன்னார்.

நண்பர் கணக்குத் தணிக்கையில் வேலை செய்கிறவர். ஒட்டுத்தாளைக் கண்டால் நின்றுவிடும் ஜாதி. அந்த மெல்லோ-ரூஸ் வரிக்கான ஸ்பெஷல் டாக்ஸ் அறிவிப்பு என்ற காகிதத்தில் நின்றார். அதிகபட்ச வரி எவ்வளவு, எந்த வருடத்தோடு முடியும், எந்தெந்தக் கட்டுமானத்துக்கு, எந்தெந்தச் சேவைக்கு என்று அதில் எழுதியிருக்கவேண்டும் என்பது சட்டம், எழுதியும் இருந்தது. இதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால், கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று நாளுக்குள் ஒப்பந்தத்தைக் கைவிடலாம், தபாலில் வந்திருந்தால் ஐந்து நாள். அதையும் படித்தார். பிறகு ரொம்ப சாதாரணமாகக் கேட்டார்: "இந்த வரிக்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டுமே, ஓட்டு நடந்ததா?"

"ஆமாம், வாக்காளர்கள் ஒப்புதல் கொடுத்ததுதான்."

"எந்த வாக்காளர்கள்?"

அந்தப் பெண் சிரித்தார். ஜன்னலுக்கு வெளியே நிலம் சமன்செய்யும் வண்டி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டி இன்னும் விற்கப்படாத மனைகள், அதைத் தாண்டித் தீவனப்புல் வயல். அவருக்குப் பதில் தெரியாது. தெரிந்திருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. மேலாளரிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். நண்பர் மூன்று நாளில் ஒன்றைச் செலவழித்து யோசிப்பதாகச் சொல்லிக் கிளம்பினார். நான் வீட்டுக்கு வந்து சட்டத்தைத் தேடினேன்.

1982-இல் ஹென்றி மெல்லோ என்ற செனட்டரும் மைக் ரூஸ் என்ற சட்டமன்ற உறுப்பினரும் கொண்டுவந்த சட்டம் அது. ஒரு பகுதியை வளைத்து அதை ஒரு வரி மாவட்டம் என்று அறிவிக்கலாம். வரியைக் காட்டிப் பாண்ட், அதாவது கடன்பத்திரம், விற்றுப் பணம் திரட்டி, சாலையும் குழாயும் பள்ளியும் கட்டலாம். வீடு வாங்குகிறவர்கள் அந்தக் கடனை வருடா வருடம் அடைப்பார்கள். ப்ரொபோசிஷன் 13 சொன்னபடி மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். இதுவரை நான் எதிர்பார்த்ததுதான். அடுத்த பிரிவில் இருந்தது விஷயம். அந்தப் பகுதிக்குள் பதிவு செய்த வாக்காளர்கள் 12 பேர்கூட இல்லையென்றால், ஓட்டு ஆட்களுக்கு இல்லை, நிலத்துக்கு. நில உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் ஏக்கருக்கு ஒரு ஓட்டு.

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். காலி வயலில் வாக்காளர் யாரும் இருக்கமாட்டார். நிலம் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கும். அந்த நிறுவனம் தன் ஏக்கர்களை எண்ணி, அத்தனை ஓட்டையும் தானே போட்டு, நூற்றுக்கு நூறு ஆதரவோடு, தான் கட்டப்போகாத வரியைத் தீர்மானித்துவிட்டு, மனையை விற்றுவிட்டுப் போய்விடலாம். தேர்தல் நடந்தது. முறைப்படி நடந்தது. பில்லில் இருப்பது வாக்காளர் ஒப்புக்கொண்ட வரியேதான்.

முதலில் வந்தது கோபம். நண்பருக்குப் போன் போட்டுச் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை. "பில்டர் இந்த வரியை வைக்கலைன்னா வீட்டு விலையில ஏத்தியிருப்பாங்க. எப்படியும் நான்தான் கட்டணும். இதுல வட்டி எவ்வளவுங்கிறதுதான் கேள்வி" என்றார். தணிக்கைக்காரருக்கு உலகமே வட்டி விகிதமாகத்தான் தெரியும் என்று அன்று நினைத்தேன். ஆனால் யோசிக்க யோசிக்க அவர் பக்கத்தில் வலு இருந்தது. 1978-இல் ஓட்டுப் போட்டவர்கள் தங்கள் வரியை உறையவைத்துக்கொண்டார்கள். அதனால் புது ஊர் கட்ட அரசிடம் பணம் இல்லாமல் போனது. நான்கே வருடத்தில் அதற்கு ஒரு பின்வாசல் தேவைப்பட்டது. பழையவர்களைத் தொட முடியாது, ஆகவே இனி வரப்போகிறவர்களிடம் வாங்கு. இனி வரப்போகிறவர்கள் இன்னும் வரவில்லை, ஆகவே அவர்கள் சார்பில் நிலம் ஓட்டுப் போடட்டும். பில்டரைத் திட்டுவது சுலபம். ஃப்ரீமான்ட் மாமாவின் பில்லும் எங்கள் பில்லும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை, அவர் பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறவர் என்றால் இன்னும் கஷ்டம்.

இதில் எனக்கு இன்றும் ஒட்டாத விஷயம் ஒன்று உண்டு. கட்டுமானத்துக்கான வரிக்கு ஒரு முடிவு வருடம் எழுதியாகவேண்டும், வீடுகளுக்கு அந்த வரியின் உச்சவரம்பு வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறவும் கூடாது. பாண்ட் அடைந்தால் தீர்ந்தது. அதே சட்டத்தின் கீழ் பூங்கா, தெருவிளக்கு, காவல் மாதிரியான சேவைகளுக்கும் வரி போடலாம், அதற்கு முடிவு வருடம் தேவையில்லை. ஒரு நிறுவனம் ஒரு நாளில் போட்ட ஓட்டு, அங்கே பிறக்கப்போகும் பிள்ளைகளின் பிள்ளைகள்வரை நிற்கும். இந்த வகை வரி வீட்டு விலையைச் சார்ந்ததும் இல்லை. 2008 சரிவில் வீட்டின் விலையைவிடக் கடன் பெரிதாகிப்போன வீடுகள் நாட்டிலேயே மிக அதிகமுள்ள ஊர் என்று நியூயார்க் டைம்ஸ் எங்கள் ஊரைப் பற்றி எழுதியது. விலை விழுந்ததும் ஒரு சதவீத வரி தானாகக் குறைந்தது, அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஸ்பெஷல் டாக்ஸ் ஒரு காசு குறையவில்லை. சாதாரண சொத்துவரி பாக்கிக்கு வீட்டை ஏலம் விட கவுன்ட்டி ஐந்து வருடம் காத்திருக்கவேண்டும். பாண்ட் வாங்கியவர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் இல்லை, மெல்லோ-ரூஸ் பாக்கிக்குச் சில மாதங்களிலேயே வழக்குப் போடும் உறுதிமொழி பாண்ட் பத்திரத்திலேயே இருப்பது வழக்கம்.

கோட்டுக்கு இந்தப் பக்கம்

இந்தப் பித்துப் பிடித்தபின் எதைப் பார்த்தாலும் "இங்கே யார் ஓட்டு?" என்றுதான் கேட்கத் தோன்றியது. ஆல்டமான்ட் மேலே காற்றாலைகளுக்கு நடுவே ஒரு கோடு போகிறது. அந்தப் பக்கம் ஒன்பது கவுன்ட்டிகளுக்கான போக்குவரத்துத் திட்டத்தை எம்டிசி என்ற ஆணையம் போடுகிறது, 1970-இலிருந்து. இந்தப் பக்கம் எஸ்ஜேகாக் என்ற எங்கள் கவுன்ட்டி அரசுகளின் கூட்டமைப்பு தனியாகப் போடுகிறது. எங்கள் தெருவில் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பொழுது விடிவதற்குள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். டப்ளின் ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திவிட்டு பார்ட் ரயில் ஏறுகிறவர்கள் அவர்கள். பார்ட்டை நடத்தும் குழுவுக்கு ஓட்டுப் போடுவது அலமீடா, கான்ட்ரா கோஸ்டா, சான் பிரான்சிஸ்கோ மக்கள் மட்டும். சரி, நியாயம்தான், அந்த ரயிலுக்குச் சொத்துவரி கட்டுகிறவர்களும் அவர்கள்தான்.

ஆனால் 2018 மே மாதம் லிவர்மோர்வரை பார்ட்டை நீட்டவேண்டாம் என்று அந்தக் குழு முடிவெடுத்தபோது, அதைக் கேட்டு அதிகம் அதிர்ந்தவர்களில் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களும் உண்டு. அந்த நீட்டிப்பைப் பார்ட் கைவிடக்கூடும் என்று தெரிந்தே 2017-இல் மாநிலம் ஒரு தனி ரயில் ஆணையத்தை உருவாக்கியிருந்தது. அது திட்டமிடும் வேலி லிங்க் ரயிலில் மவுன்டன் ஹவுஸுக்கும் ஒரு நிறுத்தம் வரைபடத்தில் இருக்கிறது. இன்று ஓடுவது 1998-இல் ஆரம்பித்த ஏஸ் ரயில், ட்ரேசியில் ஏறினால் சான் ஹோசே. அதற்குப் பின்னால் இருக்கும் பணத்தில் ஒரு பங்கு மெஷர் கே: 1990-இல் எங்கள் கவுன்ட்டிக்காரர்கள் தங்கள்மேல் தாங்களே போட்டுக்கொண்ட அரை சதவீத விற்பனை வரி. 2006-இல் இன்னும் முப்பது வருடத்துக்கு நீட்டினார்கள். நான் இதையும் போடவில்லை, ஆனால் இதைக் கட்ட எனக்குக் கசக்கவில்லை. ஆட்கள் ஓட்டுப் போட்ட வரி.

நகரமாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஊரில் பலருக்கு நம்பிக்கை இருந்தது. கலிபோர்னியாவில் நகரமாவது என்பது லாஃப்கோ என்ற ஒரு ஆணையத்தின் வாசல் வழியாக. 1963-இலிருந்து கவுன்ட்டிக்கு ஒன்று. எல்லைக்கோடுகள்தான் அதன் வேலை. சூப்பர்வைசர்கள் சிலர், மற்ற ஊர்களின் நகர்மன்ற உறுப்பினர்கள் சிலர், பொதுமக்கள் சார்பில் ஒருவர் என்று உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் கேட்டவுடன் நகரமாகிவிட முடியாது. உங்கள் வரவு செலவு தாங்குமா என்று முழு நிதி ஆய்வு நடத்தவேண்டும். அதோடு, நீங்கள் பிரிந்துபோவதால் கவுன்ட்டிக்கு நஷ்டம் வரக்கூடாது; வந்தால் ஈடுகட்டவேண்டும். 1992-இலிருந்து இது சட்டம்.

இதற்கு மேல் ஒரு பூச்சாண்டி வேறு இருந்தது: ஜுருப்பா வேலி. ரிவர்சைட் கவுன்ட்டியில் இருக்கும் அந்த ஊர் 2011 ஜூலை 1-இல் நகரமாயிற்று. அதற்குச் சில நாள் முன்னால்தான் மாநிலம் தன் பட்ஜெட் ஓட்டையை அடைக்க, புது நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த வாகன உரிமக் கட்டணப் பணத்தை எடுத்துக்கொண்டது. பிறந்த நாளன்றே பெரும் பற்றாக்குறை. நகரத்தைக் கலைத்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குப் போனார்கள். 2017-இல்தான் மாநிலம் அதைச் சரிசெய்தது. அதற்கப்புறம் மாநிலத்தில் எந்த ஊரும் நகரமாகத் துணியவில்லை, நாங்கள்தான் அடுத்தது. 2024 மார்ச்சில் ஓட்டு. பத்தில் ஒன்பது பேர் ஆதரவு. ஜூலை 1-இல் கலிபோர்னியாவின் 483-ஆவது நகரம். பதின்மூன்று வருடம் யாரும் செய்யாததை நாங்கள் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம், பூங்காவையும் சாலையையும் பாதுகாப்பையும் தாங்கும் ஸ்பெஷல் டாக்ஸ் ஏற்கெனவே பில்லில் இருந்ததுதான். தெருவே திட்டிக்கொண்டிருந்த பட்டியல்தான் எங்களை நகரமாக்கியது. பெட்ரோல் பங்க் கேள்வி இப்போது ஊருக்குள்ளேயே தீர்மானமாகிறது. ரோந்து வருவது இன்னும் கவுன்ட்டி ஷெரிஃப்பின் ஆட்கள்தான், இப்போது ஒப்பந்தத்தில். பில் அப்படியே இருக்கிறது.

பாஸ்போர்ட் கேட்காத ஓட்டு

அந்த மார்ச் தேர்தலில் வீடு வீடாகப் போய்ப் பேசியவர்களில் என் பக்கத்து வீட்டுக்காரரும் ஒருவர். மதுரைக்காரர், எச்-1பி, கிரீன் கார்டு வரிசையில் தன் முறைக்காகக் காத்திருக்கிறவர். அவருக்கு ஓட்டு இல்லை. எங்கள் தெருவில் வீட்டுக்குச் சொந்தக்காரராக இருந்தும் ஓட்டு இல்லாதவர்கள் ஏராளம். இந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதே இல்லை. பொதுவான வரி என்றால் பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும், பள்ளிப் பாண்ட் என்றால் 55 சதவீதம், ஸ்பெஷல் டாக்ஸ் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. எல்லாமே குடியுரிமை உள்ளவர்களின் கணக்கு. கூட்டங்களில் யாரும் பேசலாம், பெயர்கூடச் சொல்லவேண்டியதில்லை, 1953-இலிருந்து இருக்கும் பிரவுன் சட்டம் அப்படி. பேசலாம், அவ்வளவுதான்.

குடிநீர், சாக்கடைக் கட்டணத்தை உயர்த்தப்போவதாக ஒரு நோட்டீஸ் வந்தபோதுதான் அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். 1996-இல் வந்த ப்ரொபோசிஷன் 218-இன்படி அனுப்பும் நோட்டீஸ் அது. கட்டணத்துக்குத் தேர்தல் கிடையாது. நோட்டீஸ் அனுப்பிக் குறைந்தது 45 நாள் கழித்து ஒரு கூட்டம். அதற்குள் எழுத்தில் எதிர்ப்புக் கடிதங்கள் வரவேண்டும். பாதிக்கப்படும் மனைகளில் பாதிக்கு மேல் எதிர்த்தால் உயர்வு நின்றுபோகும். எழுதாதவர்கள் எல்லாம் சம்மதித்தவர்கள் கணக்கில். குப்பைத் தபாலோடு சேர்த்து மறுசுழற்சித் தொட்டியில் போட்டவரும் ஆமாம் என்று சொன்னவர்தான். இது மோசமான ஏற்பாடு என்று நான் அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவர் கவனம் வேறு இடத்தில் இருந்தது. "இதுல வாக்காளர்னு போடலையே. மனை உரிமையாளர்னுதானே போட்டிருக்கு?"

ஆமாம். மனைக்கு ஒரு கடிதம். குடியுரிமை கேட்பதில்லை. அன்று வயலில் நிலம் போட்ட ஓட்டை நான் எந்த வாதத்தால் திட்டினேனோ, அதே வாதத்தைத் திருப்பிப் போட்டால் இவருக்கு இருக்கும் ஒரே வாய்ப்பும் போய்விடும். நிலம் வைத்திருப்பவன் மட்டும் பேசலாம் என்பது அநியாயம்தான். எதிர் வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தைக் கேட்டால் இன்னும் அழுத்தமாகச் சொல்வார்கள். ஆனால் நிலம் வைத்திருப்பதால் மட்டுமே இந்த நாட்டில் ஒரு இடத்தில் இவர் எண்ணிக்கையில் வருகிறார். இரண்டையும் ஒரே ஆள் ஒரே வாயால் எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நண்பரிடம் சொன்னேன். அவர் வீட்டை வாங்கிவிட்டார், இப்போது அவரும் மனை உரிமையாளர். "கொள்கையை அப்புறம் பாத்துக்கலாம், கடிதத்தை முதல்ல எழுதச் சொல்லு" என்றார்.

எழுதினார். மனை எண், முகவரி, எந்தக் கட்டணத்தை எதிர்க்கிறார் என்பது, கீழே கையெழுத்து. விசாவின் நகல் வைக்கவேண்டுமா என்று மட்டும் ஒரு சந்தேகம்; போன் செய்து கேட்டார். எதுவும் வேண்டாம், மனை எண் சரியாக இருந்தால் போதும் என்றார்கள். தெருவில் இன்னும் சிலரிடம் கையெழுத்து வாங்கி, தபாலை நம்பாமல் நேரிலேயே போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கூட்டத்தன்று கடிதங்களை எண்ணி எண்ணிக்கையைப் படித்தார்கள். பாதிக்குப் பக்கத்தில்கூட வரவில்லை, கட்டணம் உயர்ந்தது. ஐந்து வருடம்வரைக்குமான உயர்வை ஒரே நோட்டீஸில் சொல்லிவிடச் சட்டம் அனுமதிக்கிறது, இதிலும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். ஆகவே அடுத்த நோட்டீஸுக்கு நாள் இருக்கிறது. அதற்குள் மனை எண்களின் பட்டியலைத் தயார் செய்துவிடவேண்டும் என்று எக்ஸெல் ஒன்று திறந்து வைத்திருக்கிறார்.